திரும்பி வரும் புற்றும் ஆர்என்ஏவின் மேல் ஏறும் குறியும்

2017 ஜூலை 31 அன்று பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்செனிக், காரீயம் ஆகிய ஐந்தும் எந்த வடிவிலும் பட்டாசில் இருக்கக் கூடாது என்றது. இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் பொறுப்பு, குறிப்பாகச் சிவகாசியில், என்று ஊர்ப் பெயரையும் சேர்த்தே எழுதியது. அடுத்த ஆண்டு பேரியம் உப்புக்குத் தடை வந்ததும் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. பச்சை நிறத்துக்கு மட்டுமல்ல, கம்பி மத்தாப்புக்கும் பேரியம் நைட்ரேட்தான் ஆதாரம். பல்லாயிரம் குடும்பங்களின் கூலி அதில் தொங்கியது. அந்தப் பதற்றத்தில் முந்தைய ஐந்து பெயர்களும் பின்னுக்குப் போய்விட்டன. புற்றுநோய் ஆய்வுகளைப் பின்தொடர்ந்து வாசிக்கும் எனக்கு, அந்தப் பட்டியலில் இருந்த ஆர்செனிக் இன்னும் கொஞ்சம் பேச வேண்டிய பெயராகப் பட்டது.

மனோசிலை, தாளகம் என்ற பெயர்கள் நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டும் ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். சித்த மருத்துவம் இவற்றைப் பாஷாண வரிசையில் வைத்து, சுத்தி செய்த பிறகே கையாளச் சொல்கிறது. உலகெங்கும் வாணவேடிக்கைக்காரர்களும் இவற்றை நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆர்செனிக்கை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமின்றி உறுதியான பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகிய மூன்றும் அதன் இலக்குகள்.

அதே ஆர்செனிக் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உயிர் காத்த கதையும் உண்டு. ரத்தப் புற்றில் ஏபிஎல் என்று ஒரு வகை. ரத்தக்கசிவோடு வந்து சில நாட்களிலேயே ஆளைச் சாய்த்துவிடக் கூடியது. 1998 முதல் 2004 வரை அங்கே வந்த புதிய நோயாளிகள் 72 பேருக்கு விக்ரம் மேத்யூஸ் குழுவினர் ஆர்செனிக் ட்ரையாக்சைடை மட்டுமே மருந்தாகக் கொடுத்தார்கள். மேலை நாடுகளில் வழக்கமான கூட்டு மருந்துகளின் செலவைத் தாங்க முடியாத குடும்பங்களுக்கு அது பெரிய வழி. 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுதாகத் தணிந்தது. 2006இல் வெளியான அந்த முடிவு இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அங்கே ஆர்செனிக், நோய்க்குக் காரணமான ஒட்டுப் புரதம் ஒன்றைப் பிடித்துச் சிதைத்துவிடுகிறது.

ஓரிடத்தில் புற்றைக் கிளப்பி இன்னோரிடத்தில் அடக்கும் இந்தத் தனிமம், 2021இல் வேறொரு வாசலையும் காட்டியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூ-யிங் ஹே என்பவரின் குழு, மிகக் குறைந்த ஆர்செனிக்கோடு தோல் செல்களை நீண்ட காலம் வளர்த்துப் பார்த்தது. செல்கள் புற்றின் குணத்துக்கு மாறின. மாறிய செல்களில் எஃப்டிஓ என்ற நொதி வழக்கத்துக்கு மேல் குவிந்திருந்தது. அது டிஎன்ஏவின் எழுத்துகளை மாற்றும் நொதியன்று. ஆர்என்ஏவின் மேல் இருக்கும் ஒரு சிறு குறியை அழிப்பது அதன் வேலை.

குறி என்றால் என்ன? இதைச் சொல்லச் சிவகாசியின் மற்றொரு தொழிலான அச்சுத் தொழிலே உதவும். டிஎன்ஏவை அச்சுத் தகடாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து இறங்கும் தாள்தான் ஆர்என்ஏ. தாளைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்கிறது. நெடுங்காலம் உயிரியலாளர்கள் தாளில் அச்சான எழுத்தை மட்டும் படித்தார்கள். தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்ட குறிகள், இதை முதலில் பைண்டிங்குக்கு அனுப்பு, இதைத் தனியே எடுத்து வை, இதைக் கழிவில் போடு என்று சொல்லும் குறிகள், பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. ஆர்என்ஏவின் மேல் அப்படிப்பட்ட வேதிக் குறிகள் 170 வகைக்கு மேல் இருக்கின்றன.

முதல் குறி 1951இல் அகப்பட்டது. சூடோயூரிடின் என்று பெயர். கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வெய்ஸ்மனும் 2005இல் இந்தக் குறியுள்ள ஆர்என்ஏவைச் செல்லுக்குள் விட்டால் உடல் அதை எதிரியாகப் பார்ப்பதில்லை என்று காட்டினார்கள். கொரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் அந்தக் கண்டுபிடிப்பின் மேல் எழுந்தவை; 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோயின் கதையில் முன்னால் நிற்பது வேறொரு குறி. ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினோசினில், ஆறாம் இடத்து நைட்ரஜனோடு ஒரு கரியும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் ஒட்டிக்கொள்ளும். எம்6ஏ என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1974இல் ஃப்ரிட்ஸ் ராட்மனின் குழு பாலூட்டியின் தூது ஆர்என்ஏவில் இதைக் கண்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட செல் எது தெரியுமா? எலியின் கல்லீரல் புற்றுச் செல். தூது ஆர்என்ஏவில் இந்தக் குறி நம் கண்ணில் முதலில் பட்டதே ஒரு புற்றில்தான்.

அதற்குப் பிறகு முப்பதாண்டுக்கு மேல் இதில் பெரிய அசைவு இல்லை. ஒட்டிய மெத்தில் ஒட்டியதுதான், அதற்குப் பெரிய பொருள் இருக்காது என்று இருந்துவிட்டார்கள். 2011இல் சிகாகோவின் சுவான் ஹே குழு, எஃப்டிஓ இந்த மெத்திலை எடுத்துவிடும் என்று காட்டியது. உடல் பருமனோடு தொடர்புள்ள மரபணு என்று 2007 முதல் பெயர் வாங்கியிருந்தது அது. எடுக்க முடியுமானால் செல் இதை வேண்டும்போது வைத்து வேண்டாதபோது நீக்குகிறது என்று பொருள். அப்படியானால் இது ஒரு கட்டுப்பாட்டு முறை. அடுத்த ஆண்டே இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் எம்6ஏ எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டன. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மனித மரபணுக்களின் ஆர்என்ஏவில் அது இருந்தது. அதுவும் கண்ட இடத்தில் இல்லை. புரதம் செய்யும் கட்டளை முடியும் இடத்தை ஒட்டியே அதிகம் கூடியிருந்தது.

இந்தத் துறையில் மூன்று வகைப் புரதங்களைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். குறியை எழுதுபவை ஒரு வகை; அதில் மெட்டில்3 தலையானது, மெட்டில்14 அதன் துணை. அழிப்பவை எஃப்டிஓவும் ஏஎல்கேபிஎச்5 என்பதும். மூன்றாவது வகை படிப்பவை. குறியைக் கண்டதும் வந்து பிடித்துக்கொண்டு, அந்த ஆர்என்ஏவைச் சிதைப்பதா, காப்பாற்றுவதா, உடனே புரதமாக்குவதா என்று தீர்மானிப்பவை. இந்தப் படிப்பவைகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் குழப்பத்துக்குச் சாவி அங்கேதான் இருக்கிறது.

இனி புற்றுக்கு வருவோம். மருந்து ஏறி, கதிர் பாய்ச்சி, கட்டி கரைந்து, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய நோயாளிக்கு ஒரு வருடத்திலோ இரண்டு வருடத்திலோ நோய் திரும்பி வருவதை எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. இதற்கு ஒரு விளக்கம் டொராண்டோவில் ஜான் டிக் என்பவரிடமிருந்து 1994இல் வந்தது. ஏஎம்எல் என்னும் தீவிர ரத்தப் புற்றுள்ளவர்களின் செல்களை எலிகளுக்கு ஏற்றியபோது, ஏறக்குறைய இரண்டரை லட்சம் செல்லுக்கு ஒன்றுதான் எலியின் உடம்பில் நோயை மறுபடி கிளப்பியது. மற்றவை பெருகி ஓய்ந்துவிட்டன. 2003இல் மார்பகப் புற்றிலும் இதே போன்ற செய்தி வந்தது. குறிப்பிட்ட அடையாளமுள்ள நூறு செல் போதும், எலியில் கட்டி எழும். அந்த அடையாளம் இல்லாத பல்லாயிரம் செல்லை வைத்தாலும் எழவில்லை. இந்த விதைச் செல்களைத்தான் புற்று ஸ்டெம் செல் என்கிறார்கள்.

இவை மெதுவாகப் பிளக்கும். நீண்ட நாள் உறங்கிக் கிடக்கும். வேகமாகப் பிளக்கும் செல்லைக் குறிவைக்கும் கீமோ மருந்து இவற்றைத் தொடாமல் கடந்துவிடும். கதிர் டிஎன்ஏவை உடைத்தாலும் இவை சீக்கிரம் ஒட்டுப்போட்டுக்கொள்ளும். இவற்றின் டிஎன்ஏவைப் பக்கத்துச் செல்லின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு வேறெங்கோ இருக்க வேண்டும். ஆர்என்ஏவின் மேல் ஏறும் குறிகளில் அதன் ஒரு பகுதி இருக்கிறது என்பதுதான் கடந்த பத்தாண்டுகளின் கண்டுபிடிப்பு.

அந்தக் கண்டுபிடிப்பில் நமக்கு அருகிலேயே நடந்த ஒரு வேலை உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குமரவேல் சோமசுந்தரம் பல ஆண்டுகளாக கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றை ஆராய்கிறார். மூளைப் புற்றுகளிலேயே கொடியது அது. அறுவை செய்து, கதிர் கொடுத்து, டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்தால்கூட பாதிப் பேர் பதினைந்து மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். 2005இல் வெளியான பெரிய சோதனை அந்த மாத்திரையைச் சேர்த்ததால் கிடைத்த ஆதாயம் இரண்டரை மாதம் என்று கணக்கிட்டது. அபிராமி விஸ்வநாதன் முதன்மை ஆசிரியராக, இந்தக் குழு ஆங்கோஜீன் இதழில் 2018இல் வெளியிட்ட கட்டுரை மெட்டில்3 பற்றியது.

மூளைப் புற்றுச் செல்லைத் தகுந்த ஊட்டக் கரைசலில் வளர்த்தால் ஸ்டெம் குணமுள்ளவை உருண்டை உருண்டையாகத் திரண்டு மிதக்கும். அந்த உருண்டைகளில் மெட்டில்3 அதிகமாக இருந்தது. ஆர்என்ஏவில் எம்6ஏ குறியும் அதிகம். கரைசலை மாற்றி, செல்களைச் சாதாரண மூளைச் செல்போல் முதிர விட்டதும் இரண்டும் குறைந்தன. மெட்டில்3ஐ அடக்கியபோது உருண்டைகள் எழுவது தளர்ந்தது. ஏன் என்று தேடிப்போனவர்களுக்குச் சாக்ஸ்2 கிடைத்தது. ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே நிறுத்திவைக்கும் புரதங்களில் அது முக்கியமானது. சாக்ஸ்2 ஆர்என்ஏவின் வால் பகுதியில் எம்6ஏ குறிகள் இருந்தன; குறி இருந்தால் ஹூஆர் என்ற புரதம் வந்து பற்றிக்கொண்டு அந்த ஆர்என்ஏவைச் சிதையாமல் காத்தது. குறி போனால் காவலும் போயிற்று.

சிகிச்சைக்கு நெருக்கமான பகுதி அதற்கு அடுத்தது. மெட்டில்3 அடங்கிய செல்கள் காமா கதிருக்கு எளிதில் இறந்தன. கதிர் உடைத்த டிஎன்ஏவை அவற்றால் முன்போல் செப்பனிட முடியவில்லை. வெளியிலிருந்து சாக்ஸ்2ஐக் கொடுத்ததும் செப்பனிடும் திறன் மீண்டது. எலிகளில் வைத்துப் பார்த்தபோது மெட்டில்3 இல்லாத கட்டிகள் வளரத் தடுமாறின. மதுரையிலும் சென்னையிலும் தினமும் கதிர் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகளை நினைத்துப் பார்த்தால் இந்த முடிவின் எடை புரியும். புதிய இயந்திரம் எதுவும் வாங்காமலே, இருக்கிற கதிரையே புற்றின் விதைச் செல் தாங்காதபடி செய்ய ஒரு வழி இருக்கலாம் என்கிறது இது.

ஆனால் அதே காலத்தில் கலிபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையத்திலிருந்து இதற்கு நேர் எதிரான முடிவு ஒன்று வந்தது. யான்ஹாங் ஷியின் குழு 2017இல், மெட்டில்3ஐயோ மெட்டில்14ஐயோ குறைத்தால் கிளியோபிளாஸ்டோமா ஸ்டெம் செல்கள் இன்னும் வேகமாகப் பெருகின என்று எழுதியது. எஃப்டிஓவைத் தடுத்து குறியைக் கூட்டினால் கட்டி அடங்கியது. அதே ஆண்டு டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையக் குழு, அழிக்கும் நொதியான ஏஎல்கேபிஎச்5 இந்தச் செல்களில் அதிகம் என்றும், அது ஃபாக்ஸ்எம்1 என்ற ஆர்என்ஏவின் குறியை எடுத்துவிட்டுக் கட்டியை வளர்க்கிறது என்றும் சொன்னது. ஒரே நோய், ஒரே குறி. பெங்களூருவில் குறி புற்றுக்குத் துணை. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் குறி புற்றுக்குத் தடை.

இதைப் படித்த பலர் யாரோ ஒருவர் தவறு செய்திருக்கிறார் என்ற முடிவுக்குத் தாவினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கிளியோபிளாஸ்டோமா என்ற ஒரே பெயருக்குக் கீழே ஆளுக்கு ஆள் வேறுபடும் கட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழுவும் எடுத்த செல் வேறு. ஒவ்வொருவரும் பின்தொடர்ந்த ஆர்என்ஏ வேறு. சாக்ஸ்2இன் குறியை ஹூஆர் படித்தால் அந்த ஆர்என்ஏ நிலைக்கும். இன்னொரு ஆர்என்ஏவின் குறியை ஒய்டிஎச்டிஎஃப்2 என்ற புரதம் படித்தால் அது சிதையும். எழுதும் நொதியை ஒட்டுமொத்தமாக நிறுத்தும்போது ஆயிரக்கணக்கான ஆர்என்ஏக்களின் விதி ஒரே நேரத்தில் மாறுகிறது. கட்டி வளருமா தளருமா என்பது அந்தக் கூட்டல் கழித்தலின் மிச்சம். எம்6ஏ கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா என்று கேட்பதே பிழையான கேள்வி. எந்தச் செல்லில், எந்த ஆர்என்ஏவில், யார் படிக்கிறார் என்று கேட்க வேண்டும். இந்தத் துறை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த முரண் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மார்பகப் புற்றில் இன்னொரு காட்சி. கட்டி பெருத்தால் நடுப்பகுதிக்கு ரத்தமும் உயிர்வாயுவும் போதாது. 2016இல் கிரெக் செமன்சாவின் குழு, அந்த உயிர்வாயுப் பஞ்சத்தில் ஏஎல்கேபிஎச்5 கூடி, நானோக் என்ற ஆர்என்ஏவின் குறியை அழித்து அதை நீடிக்கச் செய்கிறது என்று காட்டியது. விளைவு, ஸ்டெம் செல்கள் பெருகின. செல் உயிர்வாயுவை எப்படி உணர்கிறது என்ற ஆய்வுக்காக 2019இல் நோபல் பெற்ற மூவரில் செமன்சா ஒருவர். கட்டியின் மூச்சுத் திணறலே அதன் விதையைக் கூட்டுகிறது என்பது மருத்துவர்களுக்கு நல்ல எச்சரிக்கை.

மருந்து என்ற அளவுக்கு விஷயம் முன்னேறியிருப்பது ரத்தப் புற்றில். அங்கே போவதற்கு முன், அச்சகத் தொழிலாளர்களுக்காக ஒரு குறிப்பு. ஏஎம்எல் நோய்க்கு நன்கு நிரூபணமான காரணங்களில் பென்சீன் ஒன்று. பெட்ரோலில் அது சிறிதளவு கலந்தே இருக்கிறது. ஆஃப்செட் உருளையையும் பிளாங்கெட்டையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கும் பழக்கம் இருக்கும் இடத்தில், காற்றோட்டமும் கையுறையும் வீண் செலவல்ல. ஜப்பானின் ஒசாகாவில் ஓர் ஆஃப்செட் புரூஃப் அச்சகத்தில் இளம் வயதுத் தொழிலாளர்களுக்குப் பித்தநாளப் புற்று அடுத்தடுத்து வந்தது 2012இல் உலகுக்குத் தெரிந்தது. பிளாங்கெட்டைத் துடைக்கப் பயன்பட்ட டைகுளோரோபுரோப்பேன் கரைப்பானை அதன் பிறகு பன்னாட்டு முகமை முதல் பிரிவில் சேர்த்தது. இந்தக் கரைப்பான்கள் ஆர்என்ஏ குறி வழியாக வேலை செய்கின்றன என்று நான் சொல்லவில்லை. அச்சக மெஷின்மேன் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் தன் தொழிலையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

2017இல் ஏஎம்எல் பற்றி வந்த மூன்று ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்தால் மீண்டும் அந்த முரண் எழும். இரண்டு குழுக்கள், எழுதும் நொதியான மெட்டில்3 இல்லாமல் இந்தப் புற்றுச் செல் வாழாது என்றன. மூன்றாவது குழு, ஜியான்ஜுன் சென்னுடையது, அழிக்கும் நொதியான எஃப்டிஓ சில வகை ஏஎம்எல்லை வளர்க்கிறது என்றது. எழுதுவதும் புற்றுக்கு உதவி, அழிப்பதும் புற்றுக்கு உதவி. இம்முறை யாரும் பெரிதாக அதிரவில்லை. இருவர் தொடும் ஆர்என்ஏக்கள் வெவ்வேறு. எஃப்டிஓ தொடும் ஆர்என்ஏக்களில் ஒன்று, வேலூரில் ஆர்செனிக்கால் குணமான ஏபிஎல் வகையோடு நேரடித் தொடர்புள்ளது: அந்த நோயின் ஒட்டுப் புரதத்தில் பாதி அந்த ஆர்என்ஏ தரும் புரதத்திலிருந்தே வருகிறது. எஃப்டிஓ அதிகமானால், ஏபிஎல்லுக்குக் கொடுக்கும் ரெட்டினாயிக் அமில மருந்துக்குச் செல்கள் முதிர்வதும் தடைபட்டது.

மெட்டில்3ஐத் தடுக்கும் சிறு மூலக்கூறு ஒன்றைப் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் டோனி கூசரிடெஸ், கான்ஸ்டன்டினோஸ் செலெப்பிஸ் குழுவினரும் ஸ்டார்ம் தெரபியூட்டிக்ஸ் நிறுவனமும் உருவாக்கினார்கள். எஸ்டிஎம்2457 என்ற அதைப் பற்றி 2021இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஏஎம்எல் ஏற்றிய எலிகள் இந்த மருந்தால் நீண்ட நாள் உயிர் வாழ்ந்தன. நோயைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்டெம் செல்களின் தொகையும் குறைந்தது. இயல்பான ரத்த உற்பத்தி பெரிதாகக் கெடவில்லை. அதன் வழியில் வந்த எஸ்டிசி-15 என்ற மாத்திரை 2022இல் மனிதரிடம் முதற்கட்டச் சோதனைக்குப் போனது. ஆர்என்ஏவில் மெத்திலை ஒட்டும் நொதியைத் தடுக்கும் மருந்து மனிதர் உடம்புக்குள் போனது அதுவே முதல் முறை. மெட்டில்3 தடைபட்டால் செல்லுக்குள் இரட்டை இழை ஆர்என்ஏ சேர்ந்து, வைரஸ் நுழைந்ததுபோல் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்கிறது என்பதும் பின்னர் தெரிய வந்தது. அதனால் இதை எதிர்ப்பாற்றல் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் எண்ணமும் வலுத்திருக்கிறது.

இப்படிப்பட்ட மருந்தில் எனக்குள்ள முதல் கவலை நல்ல ஸ்டெம் செல்களைப் பற்றியது. எலும்பு மஜ்ஜையில் நம் ரத்தம் முழுவதையும் தினமும் பிறப்பிக்கும் செல்களுக்கும் எம்6ஏ தேவை. புற்றின் விதையை அழிக்கப்போய் ரத்தத்தின் விதையை அழித்தால் என்ன பயன்? இந்த இடத்தில் நம்பிக்கை தரும் ஆய்வு பிரிட்டனில் கமில் கிரான்க் குழுவிடமிருந்து 2019இல் வந்தது. குறியைப் படிக்கும் ஒய்டிஎச்டிஎஃப்2ஐ நீக்கினால் ஏஎம்எல் ஸ்டெம் செல்கள் வாடின; இயல்பான ரத்த ஸ்டெம் செல்களோ வலுத்தன. எழுதுபவரையும் அழிப்பவரையும் விட, படிப்பவர்களைக் குறிவைப்பதே இன்னும் கூர்மையான வழியாக எனக்குப் படுகிறது. அந்த வகை மருந்துகள் இன்னும் ஆய்வுக்கூடங்களை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது ஆர்செனிக்குக்குத் திரும்பலாம். செல்லில் பழசாகிப்போன புரதங்களைப் பொறுக்கிச் சிதைக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. பி62 என்ற புரதம் எஃப்டிஓவைப் பிடித்து அந்தச் சிதைப்புக்கு அனுப்பும். குறைந்த அளவு ஆர்செனிக் நீண்ட நாள் இருந்தால் இந்த ஒழுங்கு தடைபடும், எஃப்டிஓ தேங்கும், பல ஆர்என்ஏக்களின் குறி அழியும், செல் கட்டுக்கடங்காமல் போகும். சிகாகோ குழு இதை எலியிலும் சோதித்தது. ஆர்செனிக்கும் சூரிய ஒளியின் புறஊதாக் கதிரும் சேர்ந்தால் எலியின் தோலில் கட்டி வரும். தோலில் மட்டும் எஃப்டிஓவை நீக்கிய எலிகளில் அந்தக் கட்டி தடுக்கப்பட்டது. எஃப்டிஓவைத் தடுக்கும் மருந்து ஆர்செனிக்கால் மாறிய செல்களின் வளர்ச்சியையும் அடக்கியது. டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறினால் எளிதில் திருப்பி எழுத முடியாது. ஆர்என்ஏவின் குறியை ஒரு மாத்திரையால் திருத்த வாய்ப்பிருக்கிறது என்பதுதான் இதில் உள்ள பெரிய செய்தி.

வெயிலும் தூசியும் ஒன்றாகச் சேரும் ஊர் சிவகாசி. வெட்டவெளியில் பட்டாசை உலர்த்துவதும், வெடிமருந்து மணிகளை உருட்டுவதும், வெறுங்கையால் அலுமினியத் தூளை அள்ளுவதும் தினசரி வேலை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பதை ஒட்டிய உயிர்கள் ஒரே பிற்பகலில் போயின. அப்படிப்பட்ட நாளில் நாடு முழுவதும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. இருபது வருடம் பட்டாசு ஆலையின் மருந்து அறையில் வேலை செய்தவருக்கு வரும் தோல் புண்ணுக்கோ இருமலுக்கோ எந்தத் தலைப்புச் செய்தியும் இல்லை. சிகாகோவின் எலியில் கண்டதுதான் இங்கே ஒரு தொழிலாளியின் உடம்பில் நடக்கிறது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் 2017இன் ஆணையைத் தளர்வில்லாமல் நடத்துவதற்கும், மூலப்பொருளை வாங்கும் இடத்திலேயே ஆர்செனிக்கும் காரீயமும் இருக்கிறதா என்று சோதிப்பதற்கும் அது போதுமான காரணம்.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரைக்கோ சென்னை அடையாற்றுக்கோ புறப்படுவதற்கு முன் புற்று நோயாளி வந்து நிற்கும் முதல் பெரிய வாசல் இன்று அதுதான். தோலிலோ நுரையீரலிலோ எலும்பு மஜ்ஜையிலோ திசு எடுக்கும்போது, அந்த நபர் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தார், எதைக் கையால் தொட்டார் என்ற இரண்டு வரியையும் அதே கோப்பில் எழுதிவைக்கலாம். செலவு ஒன்றுமில்லை. மெழுகில் பதித்த திசுத் துண்டு பல ஆண்டு கெடாது. ஆர்என்ஏ இழையை நுண்துளை வழியே செலுத்தி, குறியோடு சேர்த்தே நேரடியாகப் படிக்கும் கருவிகள் ஆய்வுக்கூடங்களுக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கு உறைய வைத்த புதிய திசு வேண்டும், மஜ்ஜைத் துளியும் போதும். மருந்து அறையில் வேலை செய்தவரின் மஜ்ஜையில் எஃப்டிஓ எவ்வளவு, எந்த ஆர்என்ஏவின் குறி அழிந்திருக்கிறது என்பதை அதே ஊரின் தறிக்காரரோடும் விவசாயியோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஆய்வு, பாஸ்டனிலோ கேம்பிரிட்ஜிலோ தொடங்க முடியாது. அதற்கான தொழிலாளர்களும் நோயாளிகளும் திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் இருக்கிறார்கள்.